எட்டு மணி ரத்தம்

பசியாறாமல் வரச் சொன்னார்கள், எட்டு மணிக்கு.
பத்து மணி ரத்தம் வேறு கதை சொல்லுமாம்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து
படாங் செராய் கிளினிக் வாசலில் இறங்கினேன்,
விரலிடுக்கில் இன்னும் பால் வாசம்.

ஊசி குத்தியவளின் சட்டையில் சுதர்மினி என்றிருந்தது.
"ராத்திரி வேலையாக்கா?
அப்ப உங்களுக்கு விடியறது எப்பன்னு
உடம்புக்கே தெரியாது."
சிரித்தாள். குப்பி நிறைந்துகொண்டிருந்தது.

டாக்டர் நோர்லைலா சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
இரண்டு சிறுநீரகம்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பி.
மலாயில் அதற்கொரு பெயர் சொன்னார்.
தமிழில் என்னவென்று எனக்குத் தெரியவில்லை,
தொப்பி என்றே வைத்துக்கொண்டேன்.
மூளை தட்டினால் தொப்பி சுரக்கும்.
முதலில் சுரப்பது நொடியில் பாயும்,
அடுத்தது மெல்ல வரும், லேசில் போகாது.

முதலாவதை எனக்குத் தெரியும்.

பதினோரு வருடம் முன்பு,
செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும்போது
மட்டைக் குவியலைத் தூக்கினேன்.
படமெடுத்து நின்றது.
வாளி ஒரு பக்கம், நான் கால்வாய்க்கு அந்தப் பக்கம்.
குதித்தது யார் என்று இன்றுவரை தெரியாது,
நான் யோசிக்கவே இல்லையே.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
காதுக்குள் யாரோ கதவை இடித்தார்கள்.
அப்புறம் பாம்பு போனது.
மதகின்மேல் உட்கார்ந்து
மிச்ச நாசி லெமாக்கைச் சாப்பிட்டேன்,
மரகதம் கேலி செய்தாள்,
என் கை நடுங்குவது நின்றிருந்தது.

வியாழக்கிழமைப் பாம்பு அப்படியில்லை.
கொழுந்தனுக்காக நான் போட்ட ஒரு கையெழுத்து.
சைலன்சர் கழற்றிய யமஹா
தாமான் முனையில் திரும்பும் சத்தம்.
ஒரு தடவை கேட்டில் சிவப்புச் சாயம்.
தொப்பிக்குக் கடன் தெரியாது, வட்டி தெரியாது.
அதன் அகராதியில் ஒரே சொல்: பாம்பு.
ஓடு, இந்தா காலுக்குச் சர்க்கரை, என்கிறது.
எங்கே ஓடுவேன்?
எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து
காற்று ஊதிய கையுறைகளில் ஓட்டை தேடுகிறேன்,
நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள்
என் முகத்துக்கு நேரே 'நில்' என்கின்றன.
ஓடாத சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிட்டது.
இன்று விரல் நுனியில் அது ஒன்பது புள்ளி நான்கு.

டாக்டர் கடைசியாக ஒரு கோடு போட்டார்,
தொப்பியிலிருந்து மூளைக்குத் திரும்பிப் போகிற அம்பு.
'போதும்' என்று சொல்லும் கோடு, என்றார்.
அதைப் புள்ளி புள்ளியாக வரைந்தார்.
கத்திக் கத்தியே கேட்பவர் காது மந்தமாகிவிடுமாம்.

வீட்டில் ஏதாவது பிரச்சனையா, என்றார்.
ஒன்றுமில்லை, என்றேன்.
பொய்யில்லை.
மாசியில் கடைசித் தவணை கட்டியாயிற்று,
ரசீது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.
தொப்பிக்கு மட்டும் யாரும் நகல் அனுப்பவில்லை.

ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும்.
பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், கையில் பஞ்சு.
அரசமரத்து வளைவில் ஒரு யமஹா திரும்புகிறது.
இதோ, கதவு இடிபடுகிறது,
நாக்கு வறள்கிறது, உள்ளங்கால் தயாராகிறது.
ரொட்டிக்காரப் பையன்தான்.
"காயா பன்னாக்கா?"
இரண்டு வாங்கினேன்.
ஒன்றைப் பிரித்து வாயில் வைத்தேன், உமிழ்நீர் இல்லை,
மெல்ல மெல்ல ஊறியது.

அன்று மதகின்மேல் எவ்வளவு நேரமானது?
கவனிக்கவில்லை.
இன்று கழுத்தில் விரல் வைத்து
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பஸ் வந்துவிட்டது,
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.