இடது பின்சக்கரம்

"ஒரே ஓனர்மா, ஒரு கீறல் இல்ல"
என்றுதான் விற்றார் முனிவெங்கடப்பா.

ராயக்கோட்டை ஏற்றத்தில் நிறுத்தி
ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று கடக்.
வண்டி கொஞ்சம் யோசித்தது.
பிறகு தக்காளி மண்டியைப் பார்த்து
மெல்லப் பின்வாங்கியது.
கூடைக்காரர்கள் போட்ட சத்தத்தில்
கால்பிரேக்கைத் தேடி மிதித்தேன்.

ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தான் நயாஸ்.
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்
கோணியில் சுற்றிய கருங்கல்,
டயர் தேய்த்து ஒரு முகம் மட்டும் வழவழவென்று.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"கேபிளை முறுக்கிவிட்டா அஞ்சு நிமிசம்க்கா,
அடுத்த மாசம் திரும்ப வருவீங்க."
லீவரை இழுத்து வைத்துச் சுற்றிப் பார்த்தான்.
வலது பிடித்தது. இடது
ராட்டினம் மாதிரி.
டிரம் கழல இருபது அடி வாங்கியது.
உறைக்குள்ளேயே துருவோடு ஒட்டி
இழுக்க இழுக்க அசையாத கேபிள்.
இத்தனை வருசமும் வலதுதான் தாங்கியிருக்கிறது,
அந்தக் கல்லும்.

புதுக் கேபிள். ஐந்தாவது கடக்.
அதே ஏற்றம், நியூட்ரல்.
காலை எடுத்தேன்.
கண்ணாடியில் தக்காளிக் கூடைகள்
இருந்த இடத்திலேயே இருந்தன.

"கல்லைத் தூக்கிப் போட்டுறவா?"
"இருக்கட்டும்" என்றேன்.
கை இன்னும் லீவரை விட்டிருக்கவில்லை.