செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

செவ்வாய்தோறும் செவ்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன்.
நாலாயிரம் லிட்டர். காலாமாவிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர்.
எங்கள் ஸ்பானிஷிலும் கோளின் பெயரோடு
கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் கிழமை.
அன்றைக்குக் கல்யாணம் ஆகாது, கப்பலேறவும் ஆகாது
என்று பழமொழி.
கல்யாணத்தை நான் சனிக்கிழமை பார்த்துத்தான் செய்தேன்,
நிலைக்கவில்லை.
கப்பலைப் பற்றித் தெரியாது.

விதிகள் மூன்று தாள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இரவு மூன்று மணிக்குமேல் வர வேண்டும்.
கடைசிக் கிலோமீட்டரில் விளக்கை அணைக்க வேண்டும்.
ஹாரன் கூடாது, பாட்டு கூடாது.
வெள்ளைக் கூடாரத்தின் முதுகில் புதைந்திருக்கும் தொட்டியை நிரப்பி
டயர்த் தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே
திரும்ப வேண்டும்.
உள்ளே ஆறு பேர் எட்டு மாதமாகச் செவ்வாயில் இருக்கிறார்கள்.
நான் இல்லை.

அவர்கள் மூத்திரம் சுத்தமாகி அவர்களுக்கே திரும்புகிறதாம்.
பாதி உண்மை.
மறுபாதி என் லாரி.

ஜூலையில் ஓர் இரவு, மைனஸ் பன்னிரண்டு,
தொட்டியின் வால்வு விண்டுவிட்டது.
கொண்டுவந்த தண்ணீர் உப்புத் தரையில் ஓடி
ஓடும்போதே உறைந்தது.
உள்ளே அலாரம்.
காலாமா அலுவலகத்துக்குச் செய்தி போகப் பத்து நிமிடம்,
பதில் வரப் பத்து நிமிடம்,
தூரத்தை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.
சுவருக்கு இந்தப் பக்கம் நான்,
கையில் இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனர்.

தட்டினேன்.
தட்டக்கூடாது என்று இரண்டாம் தாளில் இருக்கிறது.

முக்கால் மணி கழித்து ஒருவன் வந்தான்.
உடுப்பு மாட்ட அரைமணி,
இரண்டு கதவுகளுக்கு நடுவே
இல்லாத வெறுமைக்குப் பழகிக்கொண்டு நிற்க மீதி.
மார்பில் பெயர்: யெப்பே. கண்ணாடிக் குடத்துக்குள் தாடி.
நான் அண்ணனின் பழைய ஸ்வெட்டரில் இருந்தேன்.

என்னைப் பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை.
வால்வைப் பார்த்தான். ஸ்பேனரைப் பார்த்தான்,
அது தானே காற்றில் தொங்குவதுபோல.
காற்று என்றா சொன்னேன்.
கையுறை தடிமன், நட்டு அகப்படவில்லை.
நான் பிடித்தேன், அவன் திருகினான்,
குனிந்திருந்ததில் என் மூச்சு புகையாய்ப் போய்
அவன் கண்ணாடியில் படிந்தது, வெளிப்பக்கமாக.
அவன் துடைக்கவில்லை.
வால்வு நின்றபிறகும் அந்த மங்கலையே
பார்த்துக்கொண்டிருந்தான்.

குறிப்பேட்டில் என்ன எழுதினானோ.
மறுவாரம் தொட்டி மூடிமேல் மூன்று முள்ளங்கி,
உள்ளே வளர்ந்தவை, சுண்டுவிரல் அளவுகூட இல்லை,
நூல் சுற்றியிருந்தது. சீட்டு இல்லை.
லாரியை எடுக்குமுன்பே தின்றுவிட்டேன்.
நல்ல காரம்.

அங்கே போய் ஆட்கள் குடியிருக்க முடியுமா,
டீசல் போடும் எர்மோகெனெஸ் கேட்கிறான்.
முடியாமல் என்ன.
ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், எரிமலைத் தோளில்,
கந்தகம் வெட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள்
பிள்ளை குட்டியோடு இருந்தார்கள்.
தண்ணீர் அங்கும் யார் முதுகிலோதான் ஏறியது.
கம்பெனி மாட்டியிருக்கும் படத்தில் ஆறு பேர் சிரிக்கிறார்கள்,
ஆறு பேருக்கும் பெயர் உண்டு, தோளில் கொடி உண்டு.
சிவப்புத் தரையைக் கிட்டப்போய்ப் பார்த்தேன்,
துடைப்பத் தடம் ஏதாவது தெரிகிறதா என்று.

டிரிப் ஷீட்டில் 'சேருமிடம்' கட்டத்தில்
அன்றைக்குச் செவ்வாய் என்று எழுதிக் கொடுத்தேன்.
கணக்கு பார்க்கும் யோலாந்தா அதை அடித்துவிட்டு
விட்டுப்போன எழுத்தையும் சேர்த்துக்
கிழமைக் கட்டத்தில் எழுதினாள்.
தூக்கமா, சபினா, என்றாள்.
நாற்பத்தொரு கிலோமீட்டருக்குப் பெசோ எண்ணிக் கொடுத்தாள்,
போவதற்கு மட்டும்.
காலி லாரி திரும்பி வரக் காசு கிடையாது.