கணக்கில் வராத கார்கள்

லாபிஸில் கார் வாஷ் திறக்க
இருநூறு பக்கப் புத்தகம் அனுப்பினார்கள்.
முதல் பக்கத்தில் நீலம்.
எங்கள் நீலம் எந்த நீலம் என்று எண் போட்டிருந்தது.
பெயிண்ட் கடை லிம் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு
கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.
என் முதல் விதிமீறல் அதுதான்.

சேமநிதிப் பணத்தைப் போட்டவள் நான்.
இருபத்தாறு வருஷம் செம்பனை மில் ஆபீஸில்
குலை எடை எழுதியவள்.
எண்ணைச் சொன்னால் நம்பிவிடுவேன்.
நாடு முழுக்க நூற்றுப் பதினொரு கிளை என்றார்கள்.
நூற்றுப் பன்னிரண்டாவதாகக்
கையெழுத்துப் போட்டேன்.

ஒரு கார் ஏழு நிமிஷம். மூன்று நிற நுரை.
கைப்பேசியில் உறுப்பினரானால் பத்தாவது முறை இலவசம்.
புத்தகம் நினைத்த கார்
ஆபீஸ் போய்த் தூசி பிடித்து வரும் கார்.
என்னிடம் வந்ததோ
பின் ஸீட்டில் உர மூட்டை,
சக்கர வளைவுக்குள் உள்ளங்கை கனத்துக்குச் செம்மண்,
பானெட்டில் ரப்பர் பால் காய்ந்து
தோலாக ஒட்டியிருக்கும்.
தூரிகைகள் மேலே தடவிக்கொடுத்துவிட்டுப் போயின,
சாவு வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

எதிரே ஆ செங்.
தகரக் கூரை, ஒரு ரப்பர் குழாய், இரண்டு நேப்பாளிகள்.
எட்டு வெள்ளி. இல்லையா, சம்பளத்தன்று கொடு.
என்னுடையது பதினைந்து.
என் மெஷினுக்குக் கடன் சொல்லத் தெரியாது.
சம்பளம் ஏழாம் தேதி.
எட்டு, ஒன்பதில் என் வாசலில் வரிசை நிற்கும்,
பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
நுரை நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள்.
பத்தாம் தேதி
வரிசை சாலையைக் கடந்துவிடும்.

சோதனைக்கு வந்த ஹஸ்லிண்டா கேட்டாள்:
குளிர்சாதன அறை இருக்கிறது, காபி மெஷின் இருக்கிறது,
எல்லாரும் ஏன் வெயிலில் நிற்கிறார்கள்?
எப்படிச் சொல்வது.
கழுவும்போது கார்க்காரர் பக்கத்தில் நிற்பார்.
இங்கே, அங்கே, அதோ அந்த மூலை என்று கை நீட்டுவார்.
தோட்டத்தில் நாள் முழுக்க அவருக்குக் கை நீட்டுகிறார்கள்.
எட்டு வெள்ளியில் பாதி
அந்த விரலுக்கு.
அவள் அதற்கான கட்டத்தைத் தேடினாள்.
இல்லை போலிருக்கிறது.

ஜனவரியில் ஆறு ஏறியது.
மூன்றாம் நாள் இறங்கியபோது
ஊரில் எல்லாக் காருக்கும் ஒரே நிறம்.
பக்கம் நூற்று நாற்பத்து மூன்று: மணல் இருந்தால் மெஷினை மூடவும்.
மூடினேன்.
ஆ செங்கின் தகரம் எங்கோ போயிருந்தது.
குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வந்தான்.
உன் தண்ணீர், என் ஆட்கள் என்றான் பசார் மலாயில்.
இரண்டு நாளில் தொண்ணூற்று மூன்று கார்,
குணாளனின் குலை லோரி,
கோயில் வேன்,
யாருடையதென்று தெரியாத ஒரு பிரிட்ஜ்.

எண்ணும் பெட்டி மெஷினுக்குள் இருக்கிறது.
அது பூஜ்யம் என்று கோலாலம்பூருக்குச் சொல்லியிருக்கிறது.
பாரம் வந்திருக்கிறது. கிளை இயங்காத காரணம்:
மின்வெட்டு, பழுது, ஆள் பற்றாக்குறை.
ஒன்றில் கோடு போடச் சொல்கிறார்கள்.

நூற்றுப் பன்னிரண்டும் வெல்லுமா என்று
லிம் கேட்கிறான்.
நெடுஞ்சாலை ஓரத்தில் வெல்லும், அங்கே மண் மிதமானது.
இங்கே?
கிட்டத்தட்ட நீலமான சுவரில்
ஆ செங்கின் குழாய் தொங்குகிறது,
அந்தப் பக்கம் எட்டு வெள்ளி, இந்தப் பக்கம் பதினைந்து.
மார்ச்சில் ஹஸ்லிண்டா வருவாள்.
அன்று காலை குழாயைச் சுருட்டி மறைக்க வேண்டும்.
எண்பது அடிக் குழாய்.
குளிர்சாதன அறையில்தான் இடமிருக்கிறது.