பதினோராம் நம்பர் கட்டில்

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய முதல் ராத்திரி
பீப் சத்தம் இல்லாமல்
எனக்குத் தூக்கம் வரவில்லை.
அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
குன்னூர்க் குளிரில் மரத்த கை.
மூச்சுப் பட்டதா, பிரமையா.

இருபத்தெட்டுக் கட்டிலுக்கு ஒரு நர்ஸ்.
நாலாவது தடவை கூப்பிட்டதும்
"மெஷின் வேண்டாம்னுதானேம்மா
இங்க அனுப்பியிருக்காங்க" என்றாள்.
கோபமா ஆறுதலா
அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை.

விடிகிற சமயம், கோத்தகிரி முதல் பஸ்ஸுக்கு முன்னால்,
யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
வேறொருத்தி வந்து கால்மாட்டில் நின்றாள்.
மாஸ்க் இல்லாத அந்த முகத்தை
கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒன்பது நாளில்
நான் பார்த்ததே இல்லை.
அவருக்கும் ஆள் பிடிபடவில்லை.

"போஜண்ணா, மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தார்.
நானும்.