மௌனத்துக்கு எத்தனை மெகாபிட்

ரீகா. தொண்ணூற்றாறு நவம்பர்.
எக்ஸ்சேஞ்சின் நான்காம் மாடியில்
திட்டப் பிரிவு ஆட்கள் பதினொரு பேர், ஒரு ஹீட்டர்.
கீழே பழைய ரிலேக்கள்
இன்னும் எண்களைக் கொறித்துக்கொண்டிருக்கின்றன;
தரை வழியாகப் பூட்ஸுக்குள் ஏறுகிறது அந்தச் சத்தம்.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த பிர்யோ
பலகையில் நீளமாய் ஒரு கட்டம் போட்டாள்.
தலைப்புக்கு ஐந்து பைட், சுமைக்கு நாற்பத்தெட்டு.
பேச்சோ படமோ வங்கிக் கணக்கோ
எது வந்தாலும் இதே அளவில் நறுக்கு, அனுப்பு.
சுவிட்ச் உள்ளே எட்டிப் பார்க்காது.
தலையைப் படிக்கும்,
தலையை மாற்றி எழுதும்,
அடுத்த கதவில் தள்ளிவிடும்.

அதென்ன நாற்பத்தெட்டு, என்றார் தாலிவால்டிஸ்.
எதையும் விடமாட்டார்.
ஒரு கரை அறுபத்துநான்கு கேட்டதாம்,
எங்கள் கரை முப்பத்திரண்டு.
கூட்டி இரண்டால் வகுத்தார்களாம்.
சிரித்தோம்.
எல்லைக்கோடும் இப்படித்தான் என்று
பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க
சிரிப்பு நின்றது.

மதியம் கணக்கு.
தொலைபேசிப் பேச்சில் ஒரு திசையில்
பாதிக்குமேல் மௌனம்.
மௌனத்துக்குச் செல் அனுப்பாவிட்டால்
லியெபாயா தடத்தில் எவ்வளவு மிச்சம்?
விடை எனக்குத்தான் முதலில் வந்தது.
அருமை, வெல்டா, என்றாள்.

எண்பத்திரண்டில்
மூர்மான்ஸ்க்கிலிருந்து இந்துலிஸ் கூப்பிடுவான், என் தம்பி.
முன்கூட்டிப் பதிந்து வாங்கிய மூன்று நிமிடம்.
குசலம் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.
கம்பியில் மூன்றாவதாய் ஒரு காது உண்டென்று
இருவருக்கும் தெரியும்.
மிச்சமெல்லாம் மூச்சு.
அவன் பக்கத்தில் ஒரு குழாய் சொட்டும்.

ஒருமுறை சொட்டவில்லை.
வேறு அறை. யாரோ பக்கத்தில்.
கேட்க வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு
உருளைக்கிழங்கு விலை சொன்னேன்.

கை தூக்கினேன்.
எது மௌனம் என்று யார் முடிவு செய்வது?
ஒரு வரம்பு வைப்போம், என்றாள் பிர்யோ,
அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மௌனம்.
இணைப்பு அறுந்துவிட்டதோ என்று
கேட்கிறவர் பயப்படுவார், அதனால்
மறுமுனையில் கொஞ்சம் இரைச்சலைச்
செய்து போட்டுவிடுவோம்.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
நானும்தான் எழுதினேன்:
இரைச்சல், செய்து போடுவது.

வெள்ளிக்கிழமை திட்டம் கொடுக்க வேண்டும்.
மற்ற தடங்களில் எல்லாம் சிக்கனம்.
லியெபாயாவுக்கு மட்டும் நிலையான வேகம் கேட்டேன்:
பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும்
ஆறு மில்லிவினாடிக்கு ஒரு செல்,
சொட்டும் குழாயோடு, சொட்டாத குழாயோடு.

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
இரண்டு மெகாபிட் வீண்?
வீண் இல்லை என்றேன்.
காரணம் கேட்டாள்.
கடல்காற்று, ஈரம், பழைய கேபிள் என்று
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
அவள் நம்பவில்லை.
ஆனாலும் பேனாவை மூடிவிட்டு
காப்பி வாங்கப் போனாள்.

திரும்பி வந்ததும் பேரம்.
அவள் பூஜ்யம் என்றாள், நான் இரண்டு என்றேன்.
நாற்பத்தெட்டு வந்த வழியிலேயே
ஒன்றில் முடிந்தது.