கூரைமேல் ஒருவன்

பெர்கனில் நவம்பர் என்றால் மழை.
சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிற மழை.
ஃபாண்டன்ட் வியர்க்கும்,
ஜிஞ்சர்பிரெட் நமுத்துப் போகும்.

எலும்பு முறிவு வார்டின் ஓய்வறையில்
காபி இயந்திரத்தை மூலைக்குத் தள்ளிவிட்டு
ஒரு ஆஸ்பத்திரி எழும்புகிறது.
இஞ்சியும் கிராம்பும் பாகும் மணக்கிற நான்கு சுவர்.
ஒரு பக்கம் அடுப்பில் கருகிவிட்டது,
அதைப் பிரசவ வார்டு என்று வைத்துக்கொண்டார்கள்.
போன வருஷப் போட்டியில் ஜெயித்தது பிரசவ வார்டு.

மாவுக்கட்டுப் போடுகிறவர் ஒட்-ஆர்னெ.
பேரில் இருக்கிற ஒட்டு கையில் இல்லை.
கட்டுத்துணியை முக்கி எடுக்கிற மாதிரியே
ஃபாண்டன்ட் கதவையும் முக்கி அப்பினார்.
கதவு ஒரு நிமிஷம் யோசித்தது.
பிறகு சுவரைத் தடவிக்கொண்டே இறங்கி
வாசலில் குப்புறப் படுத்தது.

“தண்ணி வேணாம். ஈரம் போதும்” என்றாள் யிங்வில்ட்.
ரெண்டும் வேறயா என்றார்.
இரவுப் பணியில் இருபத்தொரு வருஷம்;
அவளுக்குத் தெரியும், வேறுதான்.
மெல்லிசு என்றால் தூரிகை நுனியால் ஒரு தொடுகை.
கனம் என்றால் முட்டை வெள்ளையில் அடித்த ஐசிங்,
கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம்.
புது சிரிஞ்சில், ஊசி இல்லாமல் அடைத்து,
முதுகில் ஒரு பட்டாணி அளவு.
பிறகு விரலை எடுக்கக் கூடாது.
அறுபதுவரை எண்ண வேண்டும்.
இடையில் மணி அடித்தால்
மறுபடி ஒன்று.

மணி அடித்தது. ஏழாம் எண் கட்டில்.
யோஸ்டைன், இருபத்தாறு வயது, கூரை வேலைக்காரன்.
அக்டோபரில் ஒரு கூரையிலிருந்து இறங்கினான்,
ஏணி இல்லாமல்.
வலி இல்லையாம். தூக்கந்தான் இல்லையாம்.
இரண்டு காலும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க
சக்கர நாற்காலியில் வந்தவன்
எடுத்த எடுப்பில் கேட்டான்:
“யாராவது ஓட்டை மேலேருந்து ஒட்டுவாங்களா?”

அதன்பின் அவன் கை ஓயவில்லை.
மாத்திரைக் கிண்ணத்தின் விளிம்பால்
சாம்பல் நிற ஃபாண்டன்டை வட்டம் வட்டமாக வெட்டி,
கீழ்வரிசையில் தொடங்கி,
இரண்டின் இடுக்கை மேலிருப்பது மூட,
மீன் செதில் போல
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒரு சொட்டு உள்ளே போகாது என்றான்.
ரொட்டி வீட்டுக்குள் யார் நனையப் போகிறார்கள் என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்று மணி. ஒட்-ஆர்னெ சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
கைக்குட்டையில் சுற்றிய ஒரு நிஸ்ஸே:
சிவப்புக் குல்லா, தாடி, கட்டைவிரல் உயரத்துக்குக்
கொஞ்சம் அதிகமான தொப்பை.
தானே பிடித்தது. சொன்னபோது காது சிவந்தது.
கூரை உச்சியில் உட்கார வைத்தார். விழுந்தது.
ஐசிங் வைத்தார். ஓட்டோடு வந்தது.
நாக்கை அழுத்துகிற குச்சியால் முட்டுக் கொடுத்தார்.
நின்றது மாதிரி இருந்தது.

யோஸ்டைன் மட்டும் சிரிக்கவில்லை.
“கயிறு எங்க?”
யாருக்கும் புரியவில்லை.
“மேல ஆள் போனா கயிறு கட்டணும்.
பத்து நிமிஷ வேலைதானேன்னு
நான் கட்டல.”

யிங்வில்ட் தன் பையைத் துழாவினாள்.
உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய், கறுப்பு நாடா,
பாதி தின்றது.
நீளவாக்கில் கிழித்தாள்.
இடுப்பில் ஒரு சுற்று, புகைபோக்கியில் இரண்டு.
முடிச்சை அவன்தான் போட்டான்.
இழுத்துப் பார்த்தான். திரும்பவும் இழுத்துப் பார்த்தான்.

காலை ஏழுக்குப் பணி மாறும்போது
உச்சியில் ஆள் இல்லை.
இறவாரத்துக்குக் கீழே,
தரைக்கு இரண்டு விரற்கடை மேலே,
குல்லா கழன்று, தலைகீழாய்த்
தொங்கிக்கொண்டிருந்தது நிஸ்ஸே.
ஒட்-ஆர்னெ கை நீட்டினார்.
“விடுங்க” என்றான் யோஸ்டைன்.
வேறொன்றும் சொல்லவில்லை. தேநீர் கேட்டான்.

போட்டிக்கு அது அப்படியே போனது.
நடுவர்களின் தாளில் ஒரே ஒரு வரி:
‘அலங்காரம் சரியாக ஒட்டப்படவில்லை.’

அந்தத் தாளைத் தன் இடதுகால் மாவுக்கட்டின்மேல்
ஒட்டித் தரச் சொன்னான் யோஸ்டைன்.
ஒட்-ஆர்னெ கொஞ்சம் மாவு குழைத்து
உள்ளங்கையால் அழுத்தினார்.
எண்ணக்கூட இல்லை.
ஒட்டிக்கொண்டது.