சனல் நூறு

உவர்மலை விடுதிக்கு இது என் மூன்றாவது வருகை.
முதல் முறை கேபிளில் பிழை சொன்னேன்,
அடுத்த முறை எலியில்.
அருளம்பலவாணர் இரண்டுக்கும் காசு தந்தார்.
மூன்றாவதுக்குத் தேத்தண்ணி மட்டும்தான் என்று
ஏணியைப் பிடித்தபடி சொல்கிறார்.

முறைப்பாடு பழையதுதான்:
"ஒன்பதரைக்குப் பிறகு, தங்கச்சி,
மேல்மாடி முழுக்கக் கட்டாகுது.
நாலாம் அறைப் பெடியன்
சவூதியில நிக்கிற மனிசியோட கதைக்கேக்க
அவட வாய் திறந்தபடி நிண்டு போகுது."

படிக்கட்டுக் கூரையின் கீழே
கவிழ்த்த வெள்ளைப் பீங்கான்போல ஒட்டியிருக்கிறது கருவி.
அதன் சூட்டில் ஒரு பல்லி குடியிருக்கிறது.
தண்ணீர்த் தாங்கி மூடியில் லப்டொப்பை வைத்து
உள்ளே போகிறேன்.
கடவுச்சொல் இன்னும் கொம்பனி வைத்ததுதான்;
அதற்குப் பிறகு ஏசலாம்.

ரேடியோ இரண்டு.
இரண்டு தசம் நான்கில் ஊரே குந்தியிருக்கிறது:
முன்வீடு, மருந்துக்கடை, டியூசன் கொட்டில்,
பெயரை மறைத்த ஒன்று,
'கடன் கேளாதே' என்றே பெயர் வைத்த ஒன்று.
எல்லாரும் ஆறாம் சனலில்,
ஒரே சூரையை ஒன்பது பேர் கூவி விற்பதுபோல.
பதினொன்றுக்கு மாற்றினேன். வலுவைக் குறைத்தேன்.
"குறைச்சால் கேக்குமே?"
நீங்கள் கத்தினால் போனுக்குக் கேட்கும், ஐயா.
போனால் திருப்பிக் கத்த ஏலாது.

மற்றது ஐந்து.
அகலம் எண்பதில் விட்டிருந்தார்கள்,
கலியாணப் பந்தல் தெருவை மறித்ததுபோல. நாற்பதாக்கினேன்.
நாடு என்ற இடத்தில் எவனோ ஜப்பானைப் போட்டிருந்தான்.
இலங்கை என்று திருத்தினதும்
சில சனல்கள் மறைந்தன, சில முளைத்தன.
நாட்டை மாற்றினால்
எங்கே பேசலாம், எவ்வளவு உரத்துப் பேசலாம் என்பதும் மாறும்
என்று சொல்லிச் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும்.
இரவு 9.41. ராடார் தென்பட்டது. சனல் நூறை விட்டது.
மறுநாள் 9.38.
வியாழன் ஒன்றுமில்லை.
வெள்ளி இரண்டு தரம்.

இந்தச் சனலில் இருப்பவருக்கு ஒரு விதி இருக்கிறது, ஐயா.
வாய் திறக்குமுன் ஒரு நிமிடம்
சும்மா காதுகொடுத்து இருக்க வேண்டும்.
பேசும்போது ராடார் வந்தால்
பாதிச் சொல்லில் எழும்பிப் போக வேண்டும்.
அரை மணித்தியாலம் அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது.
ஏன் என்று கேட்க மெனுவில் இடமில்லை.

கீழே உள்துறைமுகம்.
நங்கூரமிட்ட விளக்குகள், நகரும் ஒரு விளக்கு,
டொக்யார்ட் பக்கம் ஒரு சிவப்பு.
யாருடைய ராடார் என்று பதிவேடு எழுதுவதில்லை.
கப்பலாக இருக்கலாம். மழையைத் தேடுவதாக இருக்கலாம்.
ராடாரே இல்லாமலும் இருக்கலாம்:
இந்த மொடல் கொஞ்சம் பயந்த சாதி,
எந்த இரைச்சலையும் அதுவென்றே எடுத்துக்கொள்ளும்.

அருளம்பலவாணர் ஏணியை விட்டுவிட்டு
சுவரில் சாய்ந்தார்.
"எழும்பிப் போறது சரி.
சாமான் எடுக்க எவ்வளவு நேரம் குடுக்கிறாங்கள்?"

பத்து விநாடி.

"அது தாராளம்" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன்.
தானாகத் தெரிவுசெய் என்பதை நிற்பாட்டி
முப்பத்தாறு என்று அடித்தேன்.
ராடார் வராத சனல். வலு கொஞ்சம் மட்டு,
அயலில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே அதே யோசனை,
சந்தடிதான். என்றாலும்
நடுச்சொல்லில் ஒருவரும் எழுப்ப மாட்டார்கள்.
சேமி.
விளக்கு அணைந்தது. பல்லி இடம் மாறியது. விளக்கு வந்தது.

9.44க்கு நாலாம் அறைக் கதவு திறந்திருந்தது.
அவள் முகம் அசைந்துகொண்டே இருந்தது:
லீசிங் கட்டினீங்களா, கட்டினீங்களா,
ஏன் பேசாம இருக்கிறீங்கள்?
நெட் கட்டாகுது என்றான் அவன்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்தேன்.
கேற்றுக்குள் புகுந்த மான் ஒன்று
புதுக் கருவி வந்த மட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டிருந்தது,
உத்தரவாத அட்டையோடு சேர்த்து.